கண்டக்டரும் ஃபோட்டானும்

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். எதிரே லாரி. டிம் பண்ணுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற ரகம். ஹெட்லைட் முகத்தில் அறைந்ததில் உலகமே வெள்ளையாகிவிட்டது. பிரேக் போட்டேன். லாரி கடந்தபின் பார்த்தால், முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பெரியவர். சைக்கிளில், லைட் இல்லாமல்.

"பாத்து வரக்கூடாதா தம்பி?"

பாத்துத்தான் வந்தேங்க, தெரியலை. இதைச் சொல்ல வாயெடுத்தேன், தொண்டை உலர்ந்திருந்ததால் வரவில்லை.

நம் கண் ஒன்றும் மட்டமான சரக்கு அல்ல. நன்றாக இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு, ஐந்து முதல் பதினான்கு ஃபோட்டான்கள் விழித்திரையில் பிடிபட்டாலே வெளிச்சம் தெரியும் என்று 1942லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அளந்து சொல்லிவிட்டார்கள். ஃபோட்டான் என்பது ஒளியின் கடைசிச் சில்லறை. அதற்குக் கீழே மாற்ற முடியாது. அவ்வளவு நுட்பமான கண், லாரி லைட்டும் இருட்டுச் சைக்கிளும் ஒன்றாக வந்தால் கையை விரித்துவிடுகிறது. மிக மங்கலுக்கும் மிகப் பிரகாசத்துக்கும் நடுவே ஒரே நேரத்தில் எவ்வளவு தூரம் சமாளிக்க முடியும் என்பதைத்தான் 'டைனமிக் ரேஞ்ச்' என்கிறார்கள். காருக்குக் காமிராவைக் கண்ணாக வைப்பவர்களுக்கும் இதே தலைவலி.

சாதாரண டிஜிட்டல் காமிராவின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடம். வெளிச்சம் விழ விழ எலெக்ட்ரான் நிறையும். குடம் வழிந்தால் வெள்ளை. அதற்குமேல் எவ்வளவு கொட்டினாலும் கணக்கில் வராது.

இதற்கு மாற்றாக வந்தது 'ஸ்பேட்' என்னும் சமாசாரம். இதில் குடமே கிடையாது. ஃபோட்டான்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள். ஒரு மெல்லிய டையோடை எலிப்பொறி மாதிரி விறைப்பாக, தாங்குகிற வோல்டேஜுக்கு ஒரு படி மேலே வைத்திருப்பார்கள். ஒரே ஒரு ஃபோட்டான் பட்டால் போதும், உள்ளே எலெக்ட்ரான்கள் பனிச்சரிவு போலப் புரண்டு ஓடும். எண்ணிக்கை ஒன்று. பிறகு சரிவை அடக்கி, பொறியைத் திரும்ப விறைப்பாக்க வேண்டும். அந்த இடைவேளையில் வருகிற ஃபோட்டான்கள் அம்போ. இதற்கு 'டெட் டைம்' என்று பெயர்.

கூட்ட நேர பஸ் கண்டக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிக்கெட் கிழித்து, மீதிச் சில்லறை கொடுத்துத் தலையை நிமிர்த்துவதற்குள் பத்துப் பேர் ஓசியில் இறங்கிவிடுகிறார்கள். காலி பஸ்ஸில் அவரைப்போல் கெட்டிக்காரர் கிடையாது. கூட்டம் வந்தால் கணக்கு கோவிந்தா. ஃபோட்டான் எண்ணும் காமிரா இருட்டில் சூரப்புலியாகவும் வெளிச்சத்தில் தடுமாறுவதாகவும் இருந்ததற்கு இதுதான் காரணம்.

ஆனால் தப்பிப்பவர்களையும் கணக்குப் போடலாம். டெட் டைம் 100 நானோசெகண்ட் என்றால் ஒரு செகண்டில் அதிகபட்சம் 1 கோடி எண்ணலாம். 90 லட்சம் எண்ணியிருக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் 0.9 செகண்ட் கை வேலையாக இருந்திருக்கிறது. சும்மா இருந்தது 0.1 செகண்ட்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் 90 லட்சம் என்றால், உண்மையில் வந்த கூட்டம் செகண்டுக்கு 9 கோடி! 99 லட்சம் எண்ணியிருந்தால்? சும்மா இருந்தது 0.01 செகண்ட். கூட்டம் 99 கோடி. வழிந்த குடத்தைப்போல் இது ஒரேயடியாக ஊமையாவதில்லை. 2019ல் விஸ்கான்ஸின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ஸ்பேட் பிரகாசத்தையும் படமெடுக்கும் என்று இந்த வழியில் காட்டினார்கள்.

ஒரு வில்லங்கம் இருக்கிறது. எண்ணிக்கை பத்து சதவீதம் ஏறுவதற்குள் கூட்டம் பதினோரு மடங்காகிவிட்டது பாருங்கள். உச்சியில் எண்ணிக்கை கொஞ்சம் பிசகினால் விடை எக்கச்சக்கமாகப் பிசகும்.

அதனால் அடுத்த யோசனை: எண்ணாதே, கடிகாரத்தைப் பார். கண்டக்டர் நிமிர்ந்ததிலிருந்து "ஒரு டிக்கெட்!" என்ற அடுத்த குரல் வர எவ்வளவு நேரம்? உடனே வந்தால் கூட்டம். அடுத்த ஸ்டாப்வரை வராவிட்டால் காலி பஸ். மேலே சொன்ன 9 கோடியில் சராசரி இடைவெளி 11 நானோசெகண்ட். 99 கோடியில் 1 நானோசெகண்ட். ஃபோட்டான்கள் க்யூ ஒழுங்கில் வருவதில்லை, இஷ்டத்துக்கு வரும். ஆகவே ஒரே இடைவெளியை நம்பாமல் பலவற்றைச் சேர்த்துச் சராசரி பார்க்க வேண்டும். 2021ல் விஸ்கான்ஸின்காரர்களும் இத்தாலியின் மிலான் நகர்க்காரர்களும் சேர்ந்து இதைச் செய்து காட்டினார்கள்.

கேனன் கம்பெனி 2021ல் 32 லட்சம் புள்ளிகள் கொண்ட ஸ்பேட் சில்லை அறிவித்தது. 2025ல் இன்னொன்று. முதல் ஃபோட்டான் வர எடுக்கும் நேரத்தை வைத்தே கூட்டத்தை ஊகிக்கிற வித்தை அதில் இருக்கிறது. டைனமிக் ரேஞ்ச் 156 டெசிபல். இந்தக் கணக்கில் 20 டெசிபல் என்றால் பத்து மடங்கு. 156 என்றால் சுமார் 6 கோடி மடங்கு. கார்களுக்கும் இது உதவும் என்பது அவர்கள் திட்டம். லாரி லைட்டும் தெரியும், பக்கத்தில் போகிற பெரியவரும் தெரிவார்.

நம் கண்ணுக்குள் இந்தச் சில்லைப் பொருத்த வழியில்லை. மறுநாள் கடைக்குப் போய், சைக்கிள் மட்கார்டில் ஒட்டுகிற சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இரண்டு வாங்கினேன். மூன்று நாளாக அதே ரோட்டில் மெதுவாக வந்து பார்க்கிறேன், பெரியவரைக் காணோம். ஸ்டிக்கர் ஸ்கூட்டர் டிக்கியில் கிடக்கிறது.