நாணம் நோய்க்கு மருந்தாகுமா?

“நம் பிள்ளைகளுக்கு நம் பண்பாடே காப்பு, பாலுறவு பற்றிய நலக்கல்வி அவர்களுக்கு எதற்கு?” என்று வினவுவோர் நம் ஆசிரியர் கூட்டங்களில் இன்றும் குறைவில்லை. வினவுவோர் கொடியவர் அல்லர். தமிழ்ப்பற்றும் மாணவர்பால் பரிவும் மிக்கவர்களே. ஆதலாற்றான் அவர்களுக்கு விடையிறுக்க வேண்டியுள்ளது. பொறுப்பற்றவன் சொல்லும் பிழையை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆசிரியர் சொல்லும் பிழையோ ஒரு தலைமுறைக்குப் பாடமாகிவிடுகிறது.

பாதுகாப்பற்ற உடலுறவு என்பது யாது? துணைவரின் உடல்நிலையை அறியாமலும், ஆணுறை முதலிய தடுப்பு எதுவுமின்றியும் கொள்ளும் உறவே அது. இதனைச் சொல்வதற்கு நான்கு சொற்களே போதும். அந்த நான்கு சொற்களைத் தமிழில் ஒருமுறையேனும் கேளாமல் நம் பிள்ளைகள் பள்ளியை விட்டும் கல்லூரியை விட்டும் வெளியேறுகின்றனர் என்பதே என் குற்றச்சாட்டு.

நோய்களின் பட்டியலை நீட்ட விரும்பவில்லை. வெட்டை, கிரந்தி, கிளமிடியா, டிரைக்கோமோனாசு என்னும் நான்கும் மருந்தால் குணமாகக் கூடியவை. இந்நான்கினால் மட்டும் 2020ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயது வரையிலான மக்களிடையே 37 கோடியே 40 இலட்சம் புதிய தொற்றுகள் நேர்ந்தன என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நாளொன்றுக்குப் பத்து இலட்சத்திற்கும் மேல். இவற்றுள் பெரும்பாலானவை அறிகுறி ஏதும் காட்டுவதில்லை என்பதுதான் நாம் மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி. கிளமிடியா கண்ட பெண்களுட் பெரும்பாலோருக்கு வலியும் இருப்பதில்லை, புண்ணும் இருப்பதில்லை. மருந்தின்றி விட்டால் சிலருக்குக் கருக்குழாய்கள் சிதைந்து, பின்னர் மகப்பேறே வாய்க்காமல் போகிறது. கிரந்தியின் முதற்புண் தானே ஆறிவிடும். ஆறியதும் நோய் நீங்கியதெனக் கருதுபவன் ஆண்டுகள் பல கழித்து இதயத்திலும் மூளையிலும் அதன் விளைவைக் காண நேரும். கருவுற்ற பெண்ணுக்கு அந்நோய் இருப்பின் குழந்தை இறந்தே பிறத்தலும் உண்டு. வெட்டையை உண்டாக்கும் கிருமியோ ஒவ்வொரு மருந்தாக வென்று வருகிறது. முன்பு எளிதில் தீர்த்த மருந்துகள் பல இன்று அதனிடம் பயனற்றுப் போயின. ஆகவே, “பார்த்தால் நல்லவராகத் தெரிகிறார்” என்பது எவ்வகையிலும் மருத்துவச் சான்று ஆகாது.

வெட்டை, கிரந்தி, மேகம் என்னும் சொற்களை நான் புனையவில்லை. நம் சித்த மருத்துவர்கள் வழங்கிய சொற்கள் இவை. நோயைப் பெயரிட்டழைத்து, குறி கூறி, மருந்தும் சொன்ன மரபு நம்முடையது. அந்த மரபுக்கு இல்லாத நாணம் நமக்கு எங்கிருந்து வந்தது? நாணத்தோடு மற்றொரு வழக்கமும் உண்டு. நோயைப் பிறர் தலையில் ஏற்றி விடுதல். கிரந்தியைப் ‘பறங்கிப் புண்’ என்றும் நம்மவர் அழைத்தனர். இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரரோ நேப்பிள்சு நோய் என்றனர். நோய் எப்போதும் அடுத்த ஊர்க்காரனுடையது! இன்று நம் மேடைகளில் “இது மேலை நாட்டு நாகரிகத்தின் விளைவு” என்று முழங்குவோர் அந்தப் பழைய வழக்கத்தைத்தான் புதிய சொற்களில் தொடர்கின்றனர். நோய்க்கிருமி கடவுச்சீட்டைப் பார்த்து நுழைவதில்லை.

எச்.ஐ.வி.யின் வரலாறே இதற்குச் சான்று. 1981இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் முதன்முதலாகக் குறிக்கப்பட்டபோது அது யாருக்கோ உரியதென்றே உலகம் எண்ணிற்று. 1985இல் சிங்கப்பூரிலும், 1986இல் மலேசியாவிலும், அதே 1986இல் சென்னையிலும் அது கண்டறியப்பட்டது. சென்னையில் அதனை வெளிக்கொணர்ந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக விளங்கிய சுனிதி சாலமன் அம்மையார். இந்தியாவில் இந்நோய் இராது என்று பலரும் உறுதியாக நம்பியிருந்த காலத்தில், பார்த்துத்தான் விடுவோமே என்று இரத்தத்தைச் சோதித்தவர் அவர். நம்பிக்கை ஒன்று சொல்லிற்று. இரத்தம் வேறொன்று சொல்லிற்று.

பின்னர் நடந்தது இன்னும் கசப்பானது. சென்னையில் எச்.ஐ.வி. தொற்றிய பெண்களைப் பற்றி 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், அவர்களுட் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் கணவர் ஒருவரையன்றி வேறொருவரை அறியாதவர்கள் என்று தெரிய வந்தது. பண்பாடு காக்கும் என்பார் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறேன். அப்பெண்கள் பண்பாட்டில் எக்குறையும் வைத்தாரில்லை. அவர்கள் கைக்கொண்ட கற்பு அவர்களைக் காக்கவில்லை. காத்திருக்கக் கூடியது கணவனின் ஆணுறையும் ஒரு துளி இரத்தச் சோதனையும்தான். அவற்றைக் கேட்பதற்கு அவர்களுக்குச் சொல்லும் இல்லை, துணிவும் இல்லை. இல்லாமற் செய்தவர்கள் யார்?

மலேசியாவில் முசுலிம் மணமக்கள் திருமணத்திற்கு முன் எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ளும் நடைமுறை 2001இல் ஜொகூரில் தொடங்கி, பின்னர் மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. நமக்கு அத்தகைய விதி எதுவும் இல்லை. பத்துப் பொருத்தமும் பார்க்கிறோம். செவ்வாய் தோசம் உண்டா என்று இரண்டு சோதிடரிடம் கேட்கிறோம். மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைக்கூடச் சில வீடுகளில் கேட்டு வாங்குகிறார்கள். இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளலாமா என்று பெண்வீட்டார் வாய் திறந்தால் மட்டும் சம்பந்தமே முறிந்துவிடுகிறது. கட்டாயச் சோதனையை நான் வேண்டுகிறேன் என எண்ண வேண்டா. கட்டாயம் மனிதரை மறைந்தொழியச் செய்யும். இருவரும் மனமொத்துச் செய்துகொள்வதையே வேண்டுகிறேன். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. தொற்று ஏற்பட்ட மறுநாளே சோதனை அதனைக் காட்டிவிடாது. இக்காலத்து ஆய்வுக்கூடச் சோதனைக்கும் ஏறத்தாழ 45 நாள்கள் வரை தேவைப்படும். இந்த இடைவெளிக் காலத்தை அறியாதவன் சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே ஏமாந்து போவான்.

இனி, நம் மண்ணுக்கே உரிய ஒரு முரணைச் சொல்ல வேண்டும். ஆணுறைகளுட் பெரும்பாலானவை ரப்பர்ப் பாலினால் ஆனவை. அந்தப் பாலுக்காகத்தான் நம் பாட்டனாரும் பாட்டிமாரும் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டனர். விடியலுக்கு முன்னே பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுவும் அட்டையும் கடிக்கப் பால்மரம் வெட்டி, மங்கு மங்காகச் சேர்த்து, உலகத்திற்கு அளித்தவர்கள் அவர்கள். அத்தோட்டங்கள் பல இன்று செம்பனையாக மாறிவிட்டன. ஆயினும் உலகிலேயே மிகுதியாக ஆணுறை செய்யும் நிறுவனமான கேரெக்ஸ் இந்த மலேசியாவில்தான் உள்ளது. உலகில் விற்கும் ஐந்து ஆணுறைகளில் ஒன்று அதனுடையது என்பர். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டினால் அதன் மலேசியத் தொழிற்சாலைகள் சில நாள்கள் மூடப்பட்டபோது, உலகம் முழுவதிலும் தட்டுப்பாடு வருமென்று செய்தி நிறுவனங்கள் அலறின. உலகத்திற்கு ஒரு காப்பினை ஆக்கிக் கொடுக்கும் நாட்டில் வாழ்கிறோம். அதன் மூலப்பொருளை வியர்வை சிந்தி எடுத்த இனத்தின் வழித்தோன்றல்கள் நாம். அப்பொருளின் பெயரை வாயால் சொல்ல மட்டும் நமக்குக் கூசுகிறது!

“பேசினால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள்” என்பது அடுத்த வாதம். இது கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும், ஆனால் உண்மையன்று. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டி, முறையான பாலியற் கல்வி இளைஞர்களை உறவுக்குத் தூண்டுவதில்லை என்றும், மாறாக முதல் உறவைத் தள்ளிப் போடவும் காப்பு முறைகளைக் கைக்கொள்ளவும் துணை செய்கிறது என்றும் கூறுகிறது. நாம் பேசாவிட்டால் பிள்ளைகள் அறியாமல் இருப்பார்கள் என்பதுமில்லை. கைப்பேசித் திரை பேசுகிறது. அரைகுறையாய் அறிந்த தோழன் பேசுகிறான். அவ்விருவரும் ஆசிரியர்கள் அல்லர் என்பது ஒன்றே வேறுபாடு.

புலனடக்கத்தைப் போற்றுவோருடன் எனக்கு வழக்கில்லை. உறவினைத் தவிர்த்துக் காத்திருத்தல் மிகச் சிறந்த காப்பு. ஒருவருக்கொருவர் உண்மையாயிருக்கும் நோயற்ற இருவருக்குள் இந்நோய் நுழைய வழியுமில்லை. எனினும் அடக்கத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், அடங்காத நாளொன்று வந்தால் என்ன செய்வதென்பதையும் கற்பிக்கத்தான் வேண்டும். நீந்தத் தெரியாதவனை ஆற்றங்கரைக்குப் போகாதே என்று தடுக்கலாம். தவறி விழுந்தவனுக்குக் கயிறு வீச மறுப்பதற்கு எந்த அறநூலும் இடந்தராது.

அந்தக் கயிற்றினைப் பற்றிச் சிறிது விளக்கமாகவே சொல்கிறேன். இதை எங்கும் தமிழில் கேட்டிராத மாணவர் பலர் இப்பக்கத்தைப் படிக்கக்கூடும். ஆணுறையைப் பயன்படுத்துமுன் உறையின்மேல் அச்சிட்ட காலாவதி நாளைப் பார்க்க வேண்டும். பணப்பையிலும் வெயிலில் நிற்கும் காரிலும் வைத்திருந்தது வெப்பத்தால் நலிந்திருக்கும். ரப்பர்ப் பாலினால் ஆனதை எண்ணெய் அரித்துவிடும். ஆகையால் தேங்காயெண்ணெய், வாசலின் முதலியவை கூடா. நீர் கலந்த மசகு தகும். இரண்டை ஒருங்கே அணிந்தால் உராய்ந்து கிழியும். ஒருமுறை பயன்பட்டது மறுமுறைக்கு ஆகாது. முறையாகப் பயன்படுத்தினால் எச்.ஐ.வி.யையும் வெட்டையையும் அது மிகச் சிறப்பாகத் தடுக்கும். தோலோடு தோல் உரசிப் பரவும் ஹெர்பிசையும் எச்.பி.வி.யையும் ஓரளவே தடுக்கும். எச்.பி.வி.யே கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பதை நிறுவிய ஹரால்டு சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபெல் பரிசு கிடைத்தது. அதற்கான தடுப்பூசித் திட்டம் மலேசியாவில் 13 வயது மாணவியருக்காக 2010இல் தொடங்கியது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 2019இல் தொடங்கியது. தடுப்பூசி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடத் தயங்கும் தாயிடம் அதன் பொருளைத் தமிழில் விளக்க வல்லவர் யார்? ஆசிரியரே.

தவறு நேர்ந்துவிட்டால்? எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாகியிருக்கக் கூடும் என்று ஐயுற்றால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவரை அடைய வேண்டும். 28 நாள்கள் உட்கொள்ளும் தடுப்பு மருந்து உண்டு. நேரம் கடந்தால் பயன் தராது. முன்கூட்டியே உட்கொள்ளும் காப்பு மருந்தும் உண்டு. 2023 முதல் மலேசிய அரசாங்கச் சுகாதார நிலையங்கள் சிலவற்றில் அது வழங்கப்பட்டு வருகிறது. தொற்று உறுதியானாலும் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் நச்சுயிரியைக் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைத்துவிட்டவரிடமிருந்து உடலுறவின் வழியே எச்.ஐ.வி. பரவுவதில்லை. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் கிரந்தியும் பரவுதலை ஒழித்த நாடென்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அச்சான்றைப் பெற்ற முதல் நாடு இது. மருத்துவம் இத்துணை தூரம் வந்திருக்க, நம் வாய்தான் பின்தங்கி நிற்கிறது. 72 மணி நேரத்தில் முதல் 70 மணி நேரத்தை யாரிடம் சொல்வது என்று தவித்தே கழிக்கும் பிள்ளைக்கு அம்மருந்து இருந்தும் இல்லாததே.

இதில் தமிழாசிரியருக்கு என்ன வேலை, இது அறிவியல் ஆசிரியரின் பொறுப்பன்றோ என்பர். நம் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன்பின் நம் பிள்ளை உடலைப் பற்றிப் படிப்பதெல்லாம் மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும்தான். வீட்டிலோ இதைப் பற்றி எம்மொழியிலும் பேச்சில்லை. ஆக, தன் உடலைப் பற்றித் தாய்மொழியில் எண்ணுவதற்கு அவன் பெறும் கடைசி வாய்ப்பு தொடக்கப்பள்ளியின் நலக்கல்விப் பாடமே. இனப்பெருக்க நலம், சமூக நலம் பற்றிய கல்வி 2011 முதல் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்திலேயே இடம்பெற்று வருகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஆணுறையைப் பற்றிச் சொல்லச் சொல்லவில்லை. உடலுறுப்புகளின் பெயர், பருவ மாற்றம், எவர் எங்கே தொடக்கூடாது, தொட்டால் யாரிடம் சொல்வது என்னும் அளவே அவ்வயதுக்குரியது. அதைக்கூட “நீங்களே வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று பக்கத்தைப் புரட்டிவிடுவது என்ன நியாயம்? திருக்குறளில் 250 பாக்கள் கொண்ட காமத்துப்பாலை ஒதுக்கிவிட்டு, இரண்டே பால்களை முப்பால் என்று கற்பித்துப் பழகிய கை அல்லவா நம் கை!

மேல்வகுப்பு மாணவருக்கும் பல்கலைக்கழகத்தில் பயில்வோருக்கும் மேலே சொன்ன அனைத்தையும் ஒளிவின்றிச் சொல்லலாம். மலேசியாவில் புதிதாக எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாவோருட் பெரும்பாலோர் இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்டவர்கள். முற்காலத்தில் போதை ஊசி வழியே மிகுதியாகப் பரவியது, இப்போது உடலுறவின் வழியேதான் மிகுதியாகப் பரவுகிறது. நம் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவைகள் ஆண்டுதோறும் கற்பிற் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்று பட்டிமன்றம் நடத்துகின்றன. நடத்தட்டும். அந்நாளில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திலிருந்து தமிழ் பேசும் செவிலியர் ஒருவரை அழைக்கலாம். இந்நாட்டில் அத்தகைய செவிலியர் நிறைய உளர். அவருக்கு மாலையும் பொன்னாடையும் வேண்டா. அவர் பேசும்போது பின்வரிசையில் எவரும் சிரிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.