பெயர்ப் பலகையா, படிப்பா?

ஆரணியில் பட்டுச் சேலை எடுக்க வருகிற பெண்கள் கடைப் பலகையைப் பார்த்த உடனே பணத்தை எடுத்து நீட்டுவதில்லை. சேலையைப் பிரிக்கிறார்கள். முந்தானையைப் பார்க்கிறார்கள். சரிகையைத் தடவுகிறார்கள். கனத்தைக் கையில் தூக்கிப் பார்க்கிறார்கள். "சாயம் போகுமா?" என்று கேட்கிறார்கள். அதன் பிறகுதான் விலை பேசுகிறார்கள்.

ஒரு சேலைக்கு இத்தனை கேள்வி! பிள்ளையின் பட்டப் படிப்புக்கு எத்தனை கேள்வி கேட்க வேண்டும்?

ஆனால் பிளஸ் டூ முடிவு வந்ததும் பல வீடுகளில் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது. "எது பெரிய காலேஜ்?" பக்கத்து வீட்டுப் பையன் போன இடம், பஸ்ஸில் ஒட்டிய விளம்பரம், உறவினர் சொன்ன பெயர் – இவற்றை வைத்து முடிவு செய்துவிடுகிறார்கள். பௌதிகம், ரசாயனம், கணிதம், உயிரியல் என்று விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு இது போதாது.

பல்கலைக் கழகம் வேறு, கல்லூரி வேறு

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னைப் பல்கலைக் கழகம் 1857-ல் தோன்றியது. அதன் பட்டம் பெற்றவர்கள் பல லட்சம் பேர். ஆனால் பி.எஸ்ஸி. மாணவர் பாடம் படிப்பது பெரும்பாலும் அதனுடன் இணைந்த கல்லூரிகளில்தான். பட்டம் பல்கலைக் கழகத்தின் பெயரில் வரும். பாடம் கல்லூரியில் நடக்கும்.

வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு 2002-ல் தொடங்கப்பட்ட திருவள்ளுவர் பல்கலைக் கழகம் இருக்கிறது. செய்யாறு அரசுக் கலைக் கல்லூரியும், வேலூர் ஊரீசுக் கல்லூரியும், பெண்களுக்கான ஆக்சிலியம் கல்லூரியும் ஆரணிப் பிள்ளைகள் பஸ்ஸில் போய் வரக்கூடிய இடங்கள்.

ஆகவே, "எந்தப் பல்கலைக் கழகம்?" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டதாகும். எந்தக் கல்லூரி, அந்தக் கல்லூரியில் எந்தப் பாடம், அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் யார், சோதனைச் சாலை எப்படி என்று கேட்பதுதான் முழுக் கேள்வி.

விஞ்ஞானத்துக்கென்றே சில நிலையங்கள்

வேறு ஒரு வகையும் உண்டு. பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம் இருக்கிறது. 1909-ல் தொடங்கியது. சர் சி.வி. ராமன் தலைமை வகித்த இடம். நெடுங்காலம் அங்கே ஆராய்ச்சியும் மேல் படிப்பும்தான். 2011-ல்தான் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு தொடங்கினார்கள்.

2006 முதல் மத்திய அரசு 'ஐசர்' என்னும் விஞ்ஞானக் கல்வி நிலையங்களை ஏழு ஊர்களில் திறந்தது. ஆரணிக்குக் கிட்டத்தில் இருப்பது திருப்பதி ஐசர். அது 2015-ல் வந்தது. அங்கே விஞ்ஞானப் பிரிவில் ஐந்து ஆண்டு படித்தால் இரண்டு பட்டமும் சேர்ந்து கிடைக்கும். கணிதத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்குச் சென்னை அருகே சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிலையம் இருக்கிறது.

இந்த இடங்களில் படிக்கும் பிள்ளை பெரிய விஞ்ஞானிகள் வேலை செய்யும் சோதனைச் சாலைக்குள்ளேயே நடமாடும். அது பெரிய வாய்ப்பு. அதைச் சின்னதாகச் சொல்லக் கூடாது.

கதவு முன்னதாகவே மூடுகிறது

ஆனால் இந்த வாய்ப்பை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இழப்பது மார்க்குக் குறைவால் அல்ல. தேதி தெரியாததால்!

அரசுக் கல்லூரிக்குப் பிளஸ் டூ மார்க்கு வந்த பிறகு மனுப் போடலாம். ஐசர் போன்ற இடங்களுக்கு அப்படி இல்லை. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு மனுப் போட வேண்டும். மத்தியப் பல்கலைக் கழகங்களுக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. அதைத் தமிழிலும் எழுதலாம். இது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

மே மாதத்தில் முடிவு பார்த்து மகிழ்ந்து, "பெங்களூருக்கு மனுப் போடலாமா?" என்று கேட்டால், கதவு மூடியிருக்கும்.

ஆரணி வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியும் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே ஒரு பலகை வைக்க வேண்டும். எந்தத் தேர்வு, எந்தத் தேதிக்குள் மனு, எவ்வளவு கட்டணம் என்று அதில் எழுத வேண்டும். தேவிகாபுரத்திலும் ஒண்ணுபுரத்திலும் தறியில் உட்கார்ந்திருக்கும் தகப்பனார் அந்தத் தகவலைத் தேடி அலைய முடியாது. தகவல்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

பெரிய இடம் கிடைக்காவிட்டால்?

கிடைக்காவிட்டால் வாழ்வு முடிந்துவிடவில்லை.

சிதம்பரத்தில் பிறந்தவர் வெங்கடராமன் ராமகிருஷ்ணன். அவர் ஐ.ஐ.டி. தேர்வும் எழுதினார்; வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரித் தேர்வும் எழுதினார். இரண்டிலும் இடம் கிடைக்கவில்லை. தாம் வளர்ந்த பரோடாவிலேயே பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தார். அப்போது அங்கே பௌதிகப் பாடத் திட்டத்தைப் புதிதாக மாற்றி, நல்ல நூல்களை வைத்துப் பாடம் நடத்தினார்கள். 1971-ல் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்கா போய் ஆராய்ச்சி செய்தார். 2009-ல் ரசாயனத்துக்கு நோபல் பரிசு பெற்றார். அவரைத் தூக்கிவிட்டது கல்லூரியின் பெயர் அல்ல. நல்ல பாடமும் அவர் உழைப்பும்தான்.

சென்னை மாநிலக் கல்லூரி ஓர் அரசுக் கல்லூரி. ராமனும் அங்கே படித்தார். அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகரும் அங்கே படித்தார். இருவருமே பௌதிகத்துக்கு நோபல் பரிசு வாங்கினார்கள். அரசுக் கல்லூரி என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

அன்னா மணியின் அனுபவம்

பட்டத்தைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். அதற்கு ஓர் உதாரணம் அன்னா மணி. பீர்மேட்டில் 1918-ல் பிறந்தவர். 1939-ல் மாநிலக் கல்லூரியில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் பட்டம் பெற்றார். உதவித் தொகை பெற்றுப் பெங்களூர் போய், ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார்.

டாக்டர் பட்டம் கிடைத்ததா? இல்லை! எம்.எஸ்ஸி. படிக்கவில்லை என்று சொல்லிப் பட்டத்தை மறுத்துவிட்டார்கள்.

அவர் சோர்ந்து போகவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார். திரும்பி வந்து இந்திய வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தார். ஆனாலும் பாடம் தெளிவு. மூன்று ஆண்டா, நான்கு ஆண்டா, ஐந்து ஆண்டா, இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அடுத்து எங்கே சேரலாம் என்பதைச் சேரும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடனும் தறியும்

அடுத்தது பணம். கல்லூரிக் கட்டணம் மட்டும் செலவு அல்ல. விடுதி, சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து எல்லாவற்றையும் கூட்டி, எத்தனை ஆண்டோ அத்தனையால் பெருக்க வேண்டும்.

நெசவாளர் வீட்டில் அவசரச் செலவு வந்தால் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்குவது வழக்கம். அந்த முன்பணம் தீரும் வரை வேறு இடத்துக்கு நெய்ய முடியாது. கூலியை உயர்த்திக் கேட்கவும் வாய் வராது. மகனைத் தறியிலிருந்து விடுவிக்க நினைத்து, தகப்பனார் தம்மைத் தறியோடு கட்டிப் போட்டுக்கொள்ளலாமா? விளம்பரத்தை நம்பி, சோதனைச் சாலையையே பார்க்காமல், லட்சக் கணக்கில் கொட்டிக் கொடுப்பது அப்படித்தான் முடியும்.

வேறு வழி இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்கள் இந்திய விஞ்ஞானக் கழகம், ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் சேர்ந்தால் பட்டப் படிப்புச் செலவு முழுவதையும் ஏற்பதாகத் தமிழக அரசு 2022-ம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. உயர் கல்வி படிக்கும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் அதே ஆண்டில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. தரமான நிலையங்களில் இடம் பெற்றவர்களுக்கு ஈடும் ஜாமீனும் கேட்காமல் வங்கிக் கடன் கொடுக்க மத்திய அரசு 2024-ல் வித்யாலட்சுமி திட்டம் கொண்டு வந்தது. முன்பணத்துக்குப் போகுமுன் இந்த வாசல்களைத் தட்ட வேண்டும்.

மகளுக்கும் அதே கேள்விகள்

சில வீடுகளில் மகனுக்கு என்றால் பெங்களூரைப் பற்றிப் பேசுகிறார்கள். மகளுக்கு என்றால் "பக்கத்தில் எது?" என்று மட்டும் கேட்கிறார்கள். இது நியாயம் அல்ல. தறியில் பாவு பிணைப்பதிலும் நூல் சுற்றுவதிலும் பெண்ணின் கை பாதி. படிப்பில் மட்டும் அவள் பங்கு ஏன் குறைய வேண்டும்? பெண்கள் விடுதி எப்படி என்று நேரில் போய்ப் பார்க்கலாம். பார்க்காமலே "வேண்டாம்" என்று சொல்லக் கூடாது.

ஐந்து கேள்விகள்

சேர்க்கும் முன் பெற்றோரும் பிள்ளையும் கூடி உட்கார்ந்து ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும்.

பிள்ளைக்கு உண்மையில் பிடித்த பாடம் எது?

அந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்?

சோதனைச் சாலையில் ஒவ்வொரு மாணவரும் தம் கையால் சோதனை செய்கிறாரா, கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கிறாரா?

கடைசி ஆண்டு வரை மொத்தச் செலவு எவ்வளவு?

அங்கே படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

கடைசிக் கேள்விக்கு விடை சொல்லத் தக்கவர் அங்கே படிக்கும் மாணவரே. அவரிடம் பத்து நிமிடம் பேசினால் பத்து விளம்பரம் சொல்லாததைச் சொல்லுவார்.

இந்தக் கேள்விகளுக்கு நல்ல விடை தருவது பெங்களூராக இருந்தால் பெங்களூருக்கு அனுப்புக. திருப்பதியாக இருந்தால் திருப்பதிக்கு அனுப்புக. செய்யாறாக இருந்தால் தயங்காமல் செய்யாறில் சேர்த்திடுக. ஆனால் பெரிய இடத்துக்கு மனுப் போடாமலே, "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்?" என்று ஒதுங்கிவிடக் கூடாது.

பாவு சரியாக இருந்தால்தான் சேலை சரியாக வரும். பட்டப் படிப்பு என்பது பிள்ளையின் வாழ்வுக்குப் போடும் பாவு. இழை இழையாகப் பார்த்துப் போட வேண்டும்!