நாளுக்கொரு விலை! ஆளுக்கொரு விலை!

ஒரே விமானம். ஒரே வரிசை. ஒட்டியிருக்கும் இரண்டு இருக்கைகள். ஒருவர் கொடுத்தது ஒரு மடங்கு. பக்கத்தில் இருப்பவர் கொடுத்ததோ மூன்று மடங்கு! இவருக்கு மட்டும் விமானம் வேகமாகப் பறக்கிறதா? இல்லை. அவர் மூன்று மாதத்துக்கு முன்பே சீட்டு வாங்கினார். இவர் முந்தாநாள் வாங்கினார். இவர் செய்த குற்றம் அவ்வளவுதான்!

விமானக் கட்டணம் பணக்காரர் கவலை, நமக்கென்ன என்று கேட்கும் தோழர்கள் ஒருநாள் திருச்சி விமான நிலைய வாயிலில் நின்று பார்க்கட்டும். பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் சீமான்கள் அல்லர். தஞ்சையிலும் திருவாரூரிலும் நாகையிலும் பிறந்து, சிங்கப்பூரிலும் துபாயிலும் வியர்வை சிந்தும் நம் உழைப்பாளிகள்!

விலை எப்படி ஏறுகிறது? விமானத்தின் இருக்கைகளைப் பல கூறுகளாகப் பிரித்து, கூறுக்கொரு விலை வைக்கிறார்கள். மலிவான கூறு முதலில் தீரும். பிறகு அடுத்தது, அதற்கும் மேல் அடுத்தது. பொங்கலும் தீபாவளியும் நெருங்கினால் மலிவுக் கூறே சுருங்கிவிடும். கணிப்பொறி கணக்குப் பார்க்கிறது, கண்ணீரைப் பார்ப்பதில்லை.

இந்த வித்தை அமெரிக்காவில் வளர்ந்தது. 1978இல் அங்கே விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். 1985இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், முன்கூட்டி வாங்குவோருக்குச் சலுகை தந்து, கடைசி இருக்கைகளை அதிக விலைக்கென ஒதுக்கிக் காத்தது. கடைசி நேரத்தில் வருகிறவர் கம்பெனிப் பணத்தில் பறக்கும் வியாபாரி; கேட்டதைக் கொடுப்பார் என்பது அவர்கள் கணக்கு. இங்கே கடைசி நேரத்தில் வருகிறவர் யார்? "அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வா" என்று தொலைபேசியில் கேட்டு ஓடிவரும் மன்னார்குடிக்காரர்! வியாபாரிக்கு வைத்த விலையை இவர் தலையில் கட்டலாமா?

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லுவோம். காலியாகப் பறந்த இருக்கையை மறுநாள் விற்க முடியாது. மாலைக்குள் விற்காத கீரை போன்றது அது. ஆகவே முன்கூட்டி வருவோருக்குச் சலுகை தரட்டும், வரவேற்கிறோம். சலுகைக்கு எல்லை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சுரண்டலுக்கு எல்லை வேண்டாமா?

காலத்தைக் காட்டி விலை பேசும் கொடுமை டெல்டாவுக்குப் புதிதல்ல. குறுவை அறுவடை முடிந்து ஊரெல்லாம் நெல் குவியும்போது வியாபாரி விலையை அடிப்பான். மழை மிரட்டும், கடன்காரன் வாசலில் நிற்பான், உழவன் காத்திருக்க முடியாது. அங்கே அவசரப்பட்டவன் மலிவாக விற்றான். இங்கே அவசரப்பட்டவன் அதிகம் கொடுத்து வாங்குகிறான். இரண்டிடத்திலும் அடிபடுவது காத்திருக்க வழியில்லாத ஏழை! அதனால்தான் நெல்லுக்கு ஆதரவு விலை வந்தது. நேரடிக் கொள்முதல் நிலையம் வந்தது. நெல்லுக்குத் தரை போட முடிந்த அரசால், விமானச் சீட்டுக்குக் கூரை போட முடியாதா?

முடியாது என்பார்கள். முடிந்திருக்கிறதே! 2020 மே மாதம் முதல் 2022 ஆகஸ்டு 31 வரை உள்நாட்டு விமானங்களுக்கு மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ரத்தாகி, மற்ற விமானங்களின் கட்டணம் எகிறியபோது, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய்க்கு மேல் கூடாது என்று ஆணையிட்டது. ராஜதானி, சதாப்தி ரயில்களில் 2016இல் புகுத்திய ஏறுமுகக் கட்டணம்கூட ஒன்றரை மடங்கைத் தாண்டவில்லை. அதிகாரம் இருக்கிறது, ஆபத்து வந்தால்தான் அது விழிக்கிறது!

நாம் கேட்பது இரண்டு. பண்டிகை நாளானாலும் ஒவ்வொரு வழித்தடத்துக்கும் நிலையான உச்சவரம்பு வேண்டும். பெற்றவர் நோயும் சாவும் காரணமாக வருகிறவருக்கு, சான்று காட்டினால் சாதாரணக் கட்டணம் வேண்டும். அதுவரை தோழர்களே, விடுமுறை உறுதியான அன்றே போகவர இரண்டு சீட்டையும் வாங்குங்கள். கடைசியில் குறையும் என்று காத்திருந்து ஏமாறாதீர்கள். பண்டிகைக்கு முந்தின நாட்களைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

பொங்கல் நாள் நமக்கு முன்பே தெரியும். தாய் படுக்கையில் விழும் நாள் தெரியுமா? தெரியாத நாளுக்குத் தண்டம் வசூலிப்பது வாணிபம் அல்ல, வழிப்பறி!