அமெரிக்க முன்தேர்தலும் “நம்மவர்” பெருமையும்

அமெரிக்கப் பிரசிடெண்டு பதவிக்கு 2024-ம் வருஷத்தில் நடந்த போட்டி முடிந்து, ஜயித்தவர் பதவிக்கும் வந்துவிட்டார். ஆயினும் செங்கற்பட்டு ரயிலடியிலும் மாமல்லபுரத்துக் கடைத்தெருவிலும் அதைப் பற்றிய ஒரு பேச்சு மாத்திரம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. “நம்மவர் நின்றார், நம்மவர் தோற்றார்” என்பதே அப்பேச்சு. யார் அந்த நம்மவர், எந்த விதத்தில் அவர் நம்மவர் என்று யோசிப்பவர் மிகச் சிலரே. ஆதலால் அதைப் பற்றிச் சிறிது எழுதக் கருதுகிறோம்.

முதலில் அந்நாட்டு முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஒரு கட்சியின் அபேட்சகர் யார் என்பதை அக்கட்சியின் சாதாரண ஓட்டர்களே மாகாணம் மாகாணமாக ஓட்டுப்போட்டுத் தீர்மானிக்கிறார்கள். இதற்குத்தான் பிரைமரி, அதாவது முன்தேர்தல் என்று பெயர். சில மாகாணங்களில் கூட்டம் கூடித் தீர்மானிப்பதும் உண்டு. ஒரே கட்சிக்காரர்கள் ஒரே மேடையில் நின்று ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசுவார்கள். ஜனங்கள் எழுந்து கேள்வி கேட்பார்கள். ஆகவே அபேட்சகர்களின் சரக்கு வெளியாவது இந்த முன்தேர்தலில்தான்.

இதில் நம்மவர் என்று பேசப்பட்டவர்கள் மூவர். கமலா ஹாரிஸ் அம்மையாரின் தாயார் சென்னையில் பிறந்தவர். தாயாரைப் பெற்றவருக்கு மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரம் பூர்வீகம். திரு. விவேக் ராமசாமி கேரளத்திலிருந்து போன பெற்றோருக்கு ஓஹியோ மாகாணத்தில் பிறந்தவர். தமிழ் பேசத் தெரிந்தவர். நிக்கி ஹேலி அம்மையார் பஞ்சாபி சீக்கியப் பெற்றோருக்குத் தென் கரோலினாவில் பிறந்து அம்மாகாணத்துக்கே கவர்னராயிருந்தவர். இவ்வளவுதான் சம்பந்தம். இதற்காகத் துளசேந்திரபுரத்தில் கோயில் பூஜை நடந்தது. 2020-ல் கமலா அம்மையார் உபபிரசிடெண்டாக ஜயித்தபோது சாமி ஜயிக்க வைத்தது என்றார்கள். 2024-ல் அதே சாமிக்கு அதே பூஜை நடந்தும் அவர் தோற்றுப்போனாரே, அப்போது தோற்க வைத்தது யார் என்று கேட்டால் பதில் இல்லை!

நிற்க, இவர்கள் பிறப்பை விட்டுப் பேச்சைப் பார்ப்போம்.

திரு. ராமசாமி 2023-ல் ஒரு யோசனை சொன்னார். ஓட்டுரிமை வயது 18 என்பதை 25 ஆக்க வேண்டுமாம். அதற்குக் குறைந்தவர்கள் பட்டாளம் முதலிய சேவை செய்திருக்க வேண்டும் அல்லது குடிமைப் பரீட்சையில் தேற வேண்டுமாம். பரீட்சை என்ற தந்திரம் அந்நாட்டுக் கறுப்பு மக்களுக்கு நன்றாகத் தெரியும். தென் மாகாணங்களில் எழுத்துப் பரீட்சை வைத்துத்தான் அவர்களை ஓட்டுச் சாவடியிலிருந்து விரட்டினார்கள். 1965-ல் சட்டம் வந்த பிறகே அது ஒழிந்தது.

நமக்கும் இது புதிதல்ல. பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டை உலகத்துக்கே ஜனநாயகம் கற்பித்த கல்வெட்டு என்று மேடைதோறும் பேசுகிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் வெட்டிய அக்கல் என்ன சொல்லுகிறது? அபேட்சகருக்கு வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வரி செலுத்தும் கால் வேலி நிலத்துக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் தள்ளிவைத்தது நல்ல விதிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்நிலத்தை உழுதவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை உண்டா? வெள்ளைக்காரன் காலத்திலும் சொத்தும் படிப்பும் உள்ளவனுக்கே ஓட்டு. 1950-ல் அரசியல் சட்டம் வந்த பிறகுதான் 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு வந்தது. 1989-ல் வயது 18 ஆயிற்று. இவ்வளவு பாடுபட்டுத் திறந்த கதவை மறுபடி பாதி சாத்த வேண்டும் என்பவர் தமிழில் சொன்னாலென்ன, இங்கிலீஷில் சொன்னாலென்ன?

இன்னொன்று. 2023 ஆகஸ்டு மாதம் மில்வாக்கி நகரத்து விவாத மேடையில் அவர், சீதோஷ்ண மாறுதலைத் தடுக்கும் திட்டமெல்லாம் மோசடி என்றார். பூமி சூடேறுவதும் கடல்மட்டம் உயர்வதும் சாஸ்திரிகள் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னதல்ல. விஞ்ஞானிகள் அளந்து சொன்னது. 1900 முதல் கடல்மட்டம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. இதுவரை உலகத்தில் அதிகக் கரிப்புகை விட்ட நாடும் அமெரிக்காதான். மாமல்லபுரத்துக் கடற்கோயிலைச் சுற்றிப் பாறாங்கல்லைக் கொட்டி அலையைத் தடுத்தார்கள். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கரையோரம் குடியிருக்கும் மீனவர் வீடுகளுக்கு எத்தனை கல்லைக் கொட்டுவது? அவர்கள் பிழைப்பின் மேல் கடல் ஏறும்போது, மோசடி என்று சொன்னவர் நம்மவராயிற்றே என்று கடல் திரும்பிப் போகுமா?

ஹேலி அம்மையார் கதையும் கேளுங்கள். 2023 டிசம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் ஒருவர், 1861-ல் தொடங்கிய உள்நாட்டு யுத்தத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டார். சர்க்கார் அதிகாரம், சுதந்திரம் என்று ஏதேதோ சொன்னாரேயொழிய அடிமை என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. கண்டனம் எழுந்த பிறகே ஒப்புக்கொண்டார். ஆனால் இதே அம்மையார்தான் 2015-ல், கறுப்பு மக்கள் ஒன்பது பேர் சர்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அடிமை முறைக்காகப் போரிட்டவர்களின் கொடியைச் சட்டசபை வளாகத்திலிருந்து இறக்கியவர். அச்செய்கையை மெச்சுகிறோம், அம்மௌனத்தைக் கண்டிக்கிறோம். இரண்டுக்கும் பஞ்சாப் காரணமல்ல.

கமலா அம்மையார் 2019-ல் முன்தேர்தலுக்கு வந்து, வைத்திய இன்ஷூரன்ஸ் விஷயத்தில் முன்னுக்குப் பின் பேசி, ஒரு ஓட்டும் விழுமுன்பே டிசம்பர் 3-ல் விலகினார். 2024-ல் திரு. பைடன் விலகியதும், முன்தேர்தலில் நிற்காமலே கட்சி அபேட்சகரானார். கேள்விக்கு நின்று வராத பட்டம் என்ற குறை அவரை விடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பிறப்பைக் கொண்டு நாம் இவர்களை மெச்சியது போலவே, அங்கே பிறப்பைக் கொண்டு இவர்களைத் தள்ளியவர்களும் இருந்தார்கள். ஹேலி அம்மையாருக்குப் பிரசிடெண்டாகும் தகுதியே இல்லை என்ற பொய்யைத் திரு. டிரம்பு பரப்பினார். ஆன் கூல்டர் என்ற எழுத்தாளர், திரு. ராமசாமியின் கொள்கை பலவும் பிடித்திருந்தும் அவர் இந்தியர் என்பதால் ஓட்டுப் போட்டிருக்க மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரேயே சொன்னார். மெச்சியவரும் தள்ளியவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

நம் தோழர் ஒருவரே நம்மிடம், “ராமசாமியின் ஜாதியைச் சொல்லித் தாக்குங்கள்” என்றார். மாட்டோம். 1929 பிப்ரவரியில் இந்தச் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாடு, பெயருக்குப் பின்னால் உள்ள ஜாதி வாலை வெட்டுங்கள் என்று தீர்மானித்தது. நமக்குப் பிடிக்காதவருக்கு மாத்திரம் அந்த வாலை ஒட்டவைப்பது எந்த நியாயம்? அடைபட்டவருக்குக் கதவைத் திறக்க ஜாதியைக் கேட்பது வேறு. உள்ளே வந்தவர் யோக்கியதையை அளக்க ஜாதியைக் கேட்பது வேறு. முன்னது பரிகாரம், பின்னது வியாதி.

இங்கே நமக்கு முன்தேர்தல் இல்லை. கட்டணம் கட்டி விருப்ப மனுக் கொடுத்தவர்களைக் கட்சித் தலைமை கூப்பிட்டுப் பார்த்துப் பட்டியல் வெளியிடுகிறது. திருப்போரூரிலும் செங்கற்பட்டிலும் பட்டியல் வந்தவுடன் நாம் கேட்கும் முதல் கேள்வி, “அவர் என்ன ஆள்கள்?” என்பதே. நாம் இதையே கேட்டுக்கொண்டிருந்தால், தலைமையும் அதற்குத் தக்கபடியே ஆளை நிறுத்தும். வேறென்ன செய்யும்?

ஆகவே தோழர்களே, எந்தத் தேர்தல் வந்தாலும் ஓட்டுக் கேட்டு வருபவரைத் திண்ணையில் உட்காரவையுங்கள். கடலரிப்புக்கு என்ன செய்வீர், ஏரி வாய்க்காலுக்கு என்ன செய்வீர், பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்வீர் என்று கேளுங்கள். நம் ஊருக்கு முன்தேர்தல் அந்தத் திண்ணைதான். பதில் சொல்பவர் எங்கே பிறந்திருந்தாலும் அவரே நம்மவர். சொல்லாதவர் நம் வீட்டிலேயே பிறந்திருந்தாலும் அந்நியர்தான்.