குன்று தரிசு அன்று

பட்டாபிராம் பக்கத்தில் மலை கிடையாது. அதனால்தானோ என்னவோ, குன்று என்றாலே கல்லும் ஜல்லியும்தான் நம்மவர்க்கு நினைவு வருகிறது. மேலூர் அருகே அரிட்டாபட்டிக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

அங்கே ஏழு குன்றுகள். உயரம் அதிகமில்லை, பெரும்பாலும் மொட்டைப் பாறை. மழை பெய்தால் பாறை நீரைக் குடிப்பதில்லை, சரிவில் இறக்கிவிடுகிறது. வெடிப்புகளில் புகுந்தது சுனையாகக் கசிகிறது. மற்றது ஓடை வழியே கண்மாய்க்கு. அது நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு. 72 ஏரிகள், 200 ஊற்றுகள் என்பது அரசுக் கணக்கு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர், மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று.

இரண்டே ஆண்டில், அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம்! கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2024 டிசம்பரில் சட்டசபை எதிர்த்தது. 2025 ஜனவரியில் குடியானவர்கள் மதுரைக்குத் திரண்டு நடந்தார்கள். அம்மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

டங்ஸ்டன் நாட்டுக்குத் தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஏலக் கணக்கில் பாறைக்கு விலை உண்டு. கண்மாயில் விளைந்த நெல்லுக்கு இல்லை. வரத்து அற்றுப்போன கண்மாயை எத்தனை முறை தூர் வாரினாலும் பிரயோசனமில்லை.

நம் ஏரிகளுக்கு மலைக்குப் பதில் மேட்டு நிலம். அங்கே மனைக்கல் நடுமுன், அடுத்த கிராம சபையில் வரத்துக் கால்வாய் எங்கே தொடங்குகிறதென்று கிராம வரைபடத்தை விரித்துக் காட்டச் சொல்லுங்கள்.