ஆலோசனை கடல் தாண்டலாம், பொறுப்பு?

உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவைக் கைப்பேசியில் படம் எடுத்து, சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் ஒரு மருத்துவருக்கு அனுப்பியிருக்கிறீர்களா? நீங்கள் அனுப்பாவிட்டாலும், உங்கள் குடும்பத்தில் யாராவது அனுப்பியிருக்கக்கூடும். சிகிச்சைக்காக இந்தியா போய் வந்தவர்கள், இங்கு திரும்பிய பிறகும் அதே மருத்துவரிடம் காணொளியில் பேசுகிறார்கள். சொந்தக்காரர் ஒருவர் அங்கே மருத்துவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். ‘எல்லை தாண்டிய தொலைமருத்துவம்’ என்று அமைச்சுகளும் மாநாடுகளும் விவாதித்துக்கொண்டிருக்கும் விஷயத்தை, நம் வீடுகள் வாட்ஸ்அப்பில் எப்போதோ தொடங்கிவிட்டன.

இது நல்லதா, கெட்டதா? நல்லது என்பதே என் கருத்து. ஆனால், நாம் இப்போது அதைச் செய்கிற விதம் ஆபத்தானது. எப்படி என்று ஒரே ஓர் எண்ணைக் கொண்டு பார்ப்போம்.

கிள்ளானில் இருக்கும் ஒரு பெரியவர், “டாக்டர், எனக்கு சுகர் 7.8” என்று சென்னை மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வது காலையில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதை ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று குறிக்கிறோம். இந்தியாவிலோ ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதே வழக்கம். நம் எண்ணை 18 ஆல் பெருக்கினால் அவர்கள் எண் கிடைக்கும். அதாவது, நம் 7.8 அங்கே ஏறக்குறைய 140.

இந்தியாவில் ‘7.8’ என்று கேட்டவுடன் ஒரு மருத்துவருக்கு நினைவுக்கு வரக்கூடியது வேறொரு பரிசோதனை. கடந்த மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி. அது விழுக்காட்டில் வரும். எச்பிஏ1சி 7.8 விழுக்காடு என்றால், இரத்தச் சர்க்கரையின் சராசரி அவர்கள் அளவையில் சுமார் 177. ஒரு நாள் காலை 140 இருந்தது என்பதும், மூன்று மாதமாகச் சராசரி 177 என்பதும் ஒன்றல்ல. முதலாவதை இரண்டாவதாக எடுத்துக்கொண்டு மருந்தைக் கூட்டினால், அந்தப் பெரியவருக்கு நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து போகலாம். தனியாக வசிக்கும் முதியவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

கொழுப்பிலும் இதே கதைதான். நம் 5.2, அங்கே ஏறக்குறைய 200. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் நம் அறிக்கையில் 106 என்றிருந்தால், இந்திய அறிக்கையில் 1.2 என்றிருக்கும். இரண்டும் ஒரே அளவுதான். ஆனால், அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால், ஒரு பக்கம் வீண் பதற்றம், மறுபக்கம் வீண் நிம்மதி.

மருந்தின் பெயரும் அப்படித்தான். இங்கே பெனடோல், அங்கே டோலோ, குரோசின். உள்ளே இருப்பது எல்லாவற்றிலும் பாராசிட்டமோல். அங்கிருந்து வந்த மாத்திரையையும் இங்கே வாங்கியதையும் வெவ்வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்து விழுங்கினால், கல்லீரல்தான் அதன் விலையைக் கொடுக்கும்.

இவற்றில் எதற்கும் தொழில்நுட்பம் காரணமில்லை. தொழில்நுட்பம் எப்போதோ தயாராகிவிட்டது. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லம் ஐந்தோவன் 1905 ஆம் ஆண்டிலேயே மருத்துவமனையில் இருந்த நோயாளியின் இதயத்துடிப்பு வரைபடத்தை, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த தம் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியே கொண்டுவந்தார். 1935 இல் ரோம் நகரில் ஒரு வானொலி மருத்துவ மையம் தொடங்கப்பட்டது. வானொலித் தொடர்பின் முன்னோடி மார்க்கோனிதான் அதன் முதல் தலைவர். எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும், நடுக்கடலில் நோயுற்ற மாலுமிக்கு இலவச ஆலோசனை சொல்வது அதன் பணி.

2001 செப்டம்பர் 7 ஆம் நாள் அடுத்த எல்லையும் தாண்டப்பட்டது. நியூயார்க்கில் அமர்ந்திருந்த ஜாக் மரெஸ்கோ என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் படுத்திருந்த 68 வயதுப் பெண்ணின் பித்தப்பையை இயந்திரக் கைகளால் அகற்றினார். அவர் கையை அசைத்து, அதன் விளைவைத் திரையில் காண ஆன தாமதம் சுமார் 155 மில்லி விநாடி. கண் இமைப்பதை விடவும் குறைவு. ஆனால், ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஸ்திராஸ்பூர்க்கில் அந்த நோயாளியின் பக்கத்திலேயே மருத்துவர் குழு ஒன்று நின்றுகொண்டிருந்தது. இணைப்பு அறுந்தால் அந்தக் கணமே வேலையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள்.

வாசகர்களே, எல்லை தாண்டிய மருத்துவம் நன்றாக நடக்கிற இடங்களையெல்லாம் பார்த்தால், இந்த ஓர் அம்சம் பெரும்பாலும் இருக்கிறது. நோயாளிக்குப் பக்கத்தில் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார்.

அமெரிக்க மருத்துவமனைகள், இரவில் எடுக்கும் ஸ்கேன் படங்களை சிட்னிக்கும் பெங்களூருக்கும் அனுப்பிப் படிக்கச் செய்தன. அங்கே நள்ளிரவு, இங்கே நல்ல பகல். தூக்கக் கலக்கம் இல்லாத கண்கள் படத்தைப் பார்க்கும். ஆனால், வெளிநாட்டில் இருந்தபடி செய்யும் மருத்துவப் பணிக்கு அமெரிக்க அரசின் மெடிகேர் காப்புறுதி பணம் தராது. ஆகவே, இரவில் வந்தது முதற்கட்ட அறிக்கையாகக் கொள்ளப்பட்டு, காலையில் உள்ளூர் மருத்துவர் படத்தை மீண்டும் பார்த்து இறுதி அறிக்கையில் கையெழுத்திடுவார். சிங்கப்பூரும் 2000 க்குப் பிந்தைய ஆண்டுகளில் எக்ஸ்ரே படங்களைப் பெங்களூருக்கு அனுப்பிப் படிக்கச் செய்தது உண்டு.

இன்னொன்று, நமக்கு நெருக்கமான ஒருவரின் கனவு. 2004 இல் அப்போதைய இந்திய அதிபர் அப்துல் கலாம், ஜோகன்னஸ்பர்க்கில் ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசியபோது, ஆப்பிரிக்க நாடுகளை இந்தியாவின் மருத்துவமனைகளோடும் பல்கலைக்கழகங்களோடும் துணைக்கோளம், கண்ணாடியிழை வழியே இணைக்கலாம் என்று முன்மொழிந்தார். 2009 இல் அந்தத் திட்டம் தொடங்கியது. அங்கே ஒரு மருத்துவமனையில் நோயாளியும் அவருடைய மருத்துவரும் உட்கார்ந்திருப்பார்கள். இந்தியாவிலிருந்து நிபுணர் அந்த மருத்துவருக்கு ஆலோசனை சொல்வார். மருந்து எழுதுவது, தொட்டுப் பார்ப்பது, மறுநாள் கேட்பது எல்லாம் உள்ளூர் மருத்துவர் கையில்.

நம் வாட்ஸ்அப் மருத்துவத்தில் இந்த நடு ஆள்தான் இல்லை.

அவர் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? இனிப்பு நீர் உள்ளவரின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு சிறு நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. எவ்வளவு நல்ல கேமராவாலும் அதைச் செய்ய முடியாது. வயிற்றை அழுத்திக் கையை எடுக்கும்போது வலி கூடுகிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான். ஆனால், பக்கத்துக் கிளினிக்கில் இருக்கும் ஒரு தாதியோ மருத்துவரோ இரண்டையும் செய்து, கண்டதைத் திரைக்கு அப்பால் இருப்பவரிடம் சொல்லிவிடலாம்.

சட்டமும் இதையே சொல்கிறது. இந்தியா 2020 மார்ச்சில் தொலைமருத்துவ வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. இந்திய எல்லைக்கு வெளியே தரும் ஆலோசனை அதில் அடங்காது என்று அந்நெறிகளே கூறிவிட்டன. இங்கோ, மருந்துச்சீட்டு எழுத வேண்டியவர் இந்நாட்டில் பதிவு பெற்ற மருத்துவர். ஆக, உங்கள் காணொளி ஆலோசனையில் தவறு நேர்ந்தால், அந்த நாட்டு விதியில் நீங்கள் இல்லை. இந்த நாட்டு விதியில் அந்த மருத்துவர் இல்லை. யாரிடம் முறையிடுவீர்கள்?

வேடிக்கை என்னவென்றால், இதற்கு விடை தேடிய முதல் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. 1997 ஆம் ஆண்டிலேயே நம் நாடாளுமன்றம் தொலைமருத்துவச் சட்டத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டு மருத்துவர் இங்குள்ள நோயாளிக்கு ஆலோசனை தர வேண்டுமானால், மலேசிய மருத்துவ மன்றத்திடம் அதற்கென்று தனிச் சான்றிதழ் பெற வேண்டும். அதற்கான விண்ணப்பம், இங்கு பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் வழியாக வர வேண்டும். நோயாளியிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்க வேண்டும். மீறினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. இணையம் நம் வீடுகளுக்குள் சரியாக நுழையாத காலத்தில் எழுதிய சட்டம் இது. நடு ஆள் வேண்டும் என்பதை அன்றே புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால், நிறைவேறிய அந்தச் சட்டம் நடப்புக்குக் கொண்டுவரப்படாமலே கிடக்கிறது. 2009 இல் ஆசியான் நாடுகள் மருத்துவர்களுக்கான பரஸ்பர அங்கீகார உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதுவும் நாடு விட்டு நாடு போய்ப் பணிபுரிய விரும்பும் மருத்துவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

கட்டுப்பாடு இருந்தால் மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் உரிமம், விதிமுறை எல்லாம் இருந்தும், 2024 இல் தொலைமருத்துவ நிறுவனம் ஒன்றில் ஒரே மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலோசனைகள் ஒரு நிமிடமோ அதற்குக் குறைவாகவோ நடந்ததைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்தது. ஒரு நிமிடத்தில் பெயரைக் கேட்டு முடிக்கவே நேரம் போதாது. ஆனால், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். அந்த நிறுவனத்தின் உரிமம் ரத்தானது. உள்நாட்டு நிறுவனம் என்பதால் பிடிக்க முடிந்தது. அதே வேலையைக் கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர் செய்திருந்தால் ரத்து செய்ய உரிமமே இருந்திருக்காது.

“சென்னை டாக்டரிடம் நேராகப் பேசுவதற்கு நடுவில் இன்னொருவர் எதற்கு? அவருக்கும் பணம் கட்ட வேண்டுமே?” என்று சிலர் கேட்பார்கள். இன்னொரு காரணமும் சொல்வார்கள்; அதை நான் மதிக்கிறேன். நெஞ்சு குத்துகிறதா, பிசைகிறதா, எரிகிறதா, கனக்கிறதா என்பதைத் தாய்மொழியில்தான் சரியாகச் சொல்ல முடியும். இதயநோயா, அமிலத் தொல்லையா என்ற முடிவில் அந்த ஒரு வினைச்சொல்லுக்கு மருத்துவ மதிப்பு உண்டு. இங்குள்ள நிபுணரிடம் உடைந்த மலாயில் சொல்லத் தடுமாறும் பாட்டி, சென்னை மருத்துவரிடம் பத்து நிமிடத்தில் கொட்டிவிடுவார். இந்த நன்மையை நாம் இழக்கக் கூடாது. அதனால்தான் தடை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பாட்டியின் சொல் சென்னைக்குப் போகட்டும். சென்னையின் கருத்து பாட்டியின் மருத்துவருக்கும் வரட்டும் என்கிறேன்.

அரசு செய்ய வேண்டியது, 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி, இன்றைய கைப்பேசிக் காலத்துக்கு ஏற்பத் திருத்தி உயிர் கொடுப்பது. முதலில் இரண்டாம் கருத்து கேட்பதற்கு மட்டும், குறிப்பிட்ட துறைகளில், இரு நாட்டு மருத்துவ மன்றங்களும் ஏற்கும் ஒரு பட்டியலோடு தொடங்கலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை வெளிநாட்டு மருத்துவரிடம் பேசும்போது நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. எண்ணை வாயால் சொல்லாதீர்கள். அலகு தெரியும்படி முழு அறிக்கையையும் அனுப்புங்கள். மருந்தின் விற்பனைப் பெயரைச் சொல்லாமல், அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரைச் சொல்லுங்கள். அவர் சொன்னதை எழுத்தில் கேட்டு வாங்கி, உங்கள் கிளினிக் மருத்துவரிடம் காட்டுங்கள். அவருக்குத் தெரியாமல் எந்த மாத்திரையையும் தொடங்காதீர்கள், நிறுத்தாதீர்கள். நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் என்றால் வாட்ஸ்அப்பைத் தொடாமல் 999 ஐ அழையுங்கள்.

“வெளிநாட்டு டாக்டரிடம் கேட்டேன் என்று சொன்னால் இங்குள்ளவர் கோபித்துக்கொள்வாரே” என்று தயங்குகிறவர்கள் பலர். சொல்லிப் பாருங்கள். உங்கள் மருத்துவர் சற்று முகம் சுளிக்கலாம். ஆனால், இரவு 2 மணிக்கு உங்களுக்கு ஏதாவது ஆனால், உங்களை வந்து பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பவர் அவர் ஒருவரே.