பெருக்கல் வாய்ப்பாட்டை மறந்துடு மச்சி!

போன வாரம் ஃபைனல் இயர் தம்பி ஒருத்தன் கேட்டான். "கான்ஃபரன்ஸுக்கு ஜெனீவா கூப்பிட்டிருக்காங்கண்ணே. மூணு நாள் கூடத் தங்கி ஊர் பாக்கலாமா? இல்ல, அப்பா பாக்கெட் கிழிஞ்சிடுமா?"

பயம் நியாயம்தான். ஸ்விஸ் பிராங்க் ஒண்ணு நூறு ரூபாய்க்கு மேல. ஒரு காபியே நாலஞ்சு பிராங்க். ஒவ்வொரு வாய்க்கும் ரூபாயில பெருக்கிப் பார்த்தா காபி கசக்கும்! ஆனா அங்கே காசைக் கரைக்கிறது படுக்கையும் வயிறும்தான். ஊர் சுத்த பெருசா செலவில்ல.

ஹோட்டலோ ஹாஸ்டலோ, ரூம் போட்டா இலவசப் பயண அட்டை உண்டு. டிராம், பஸ், ஏரியில ஓடுற மஞ்சள் படகு... எல்லாம் ஃப்ரீ! தெரிஞ்சவங்க வீட்டு சோபாவுல படுத்தா இது கிடைக்காது. ஸோ, கணக்குப் போட்டு முடிவெடு.

தண்ணி பாட்டில் வாங்கவே வாங்காதே. தெருக் குழாய்லயே நல்ல தண்ணி. 'குடிக்க அல்ல'ன்னு போர்டு இருந்தா மட்டும் ஒதுங்கிடு. சாப்பாட்டுக்கு மிக்ரோ, கூப் சூப்பர் மார்க்கெட்ல ரொட்டி, சீஸ், பழம். உஷார்... ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் மூடிடுவாங்க! கோர்னவன் ஸ்டேஷனும் ஏர்போர்ட்டும்தான் கதி. தினம் ஒரு வேளையாவது சூடா சாப்பிடு. பட்டினி கிடந்து ஊர் பாத்தா ஊர் மனசுல நிக்காது.

எதைப் பாக்கலாம்? 140 மீட்டர் உயரத்துக்கு, நொடிக்கு 500 லிட்டர் தண்ணி பீய்ச்சி அடிக்கிற ஜெ தோ நீரூற்று. பைசா செலவில்ல. காத்து பலமா அடிச்சா மட்டும் நிறுத்திடுவாங்க. இயற்கை வரலாற்று மியூசியத்தோட நிரந்தரக் கண்காட்சியும் ஃப்ரீ. 18-ம் நம்பர் டிராம் ஏறினா கடைசி ஸ்டாப் செர்ன். அங்கே 2023-ல் திறந்த சயின்ஸ் கேட்வேயும் ஃப்ரீதான், திங்கள் லீவு. 2004-ல் இந்தியா பரிசாக் கொடுத்த ரெண்டு மீட்டர் நடராஜர் செர்ன் வளாகத்துக்குள்ளதான் ஆடிக்கிட்டிருக்கார்!

ரெண்டு விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன்லேர்ந்து 90 யூரோ. விசா மறுத்தா அந்தக் காசு திரும்பாது. அதனால பேப்பர்களை ரெண்டு தடவை சரிபார். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸும் கட்டாயம்.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "ஃப்ளைட் டிக்கெட் எப்படியும் போட்டாச்சு. மூணு ராத்திரி ஹாஸ்டல் காசு கையில இருந்தா தாராளமா தங்கு. கடன் வாங்கித்தான் தங்கணும்னா, கான்ஃபரன்ஸ் முடிஞ்சதும் கிளம்பி வந்துடு. ஏரி எங்கேயும் ஓடிப்போயிடாதுடா!"